தலையணைச் சுகாதாரம்

சென்ற கார்த்திகை மாதத்தில் நம் சங்க அங்கத்தினர் ஒருவருடைய இல்லத்திற்குச் செல்ல நேர்ந்தது. பாவு, கூலிக் கணக்குகளைப் பற்றிப் பேசுவதற்காகச் சென்றோம். பேச்சோ தலையணையில் போய் முடிந்தது. அங்கத்தினரின் இளைய மகள், ஏழு வயதுச் சிறுமி, மழை தொடங்கியது முதல் இரவில் இளைப்பால் துன்புறுவதாக அவள் தாயார் கூறினார். பகலெல்லாம் ஓடி விளையாடும் குழந்தைக்குப் படுத்த ஒரு மணி நேரத்திற்குள் தும்மல் வருகிறது, மூக்கடைப்பு வருகிறது, பின்னர் மூச்சு இரைக்கிறது. மருத்துவமனையில் காட்டி மருந்து வாங்கி வருகின்றனர். அங்கிருந்த டாக்டர் மருந்தோடு ஒரு கேள்வியையும் கொடுத்து அனுப்பினாராம்: "குழந்தை தலை வைத்துப் படுக்கும் தலையணைக்கு வயது என்ன?"

அந்த வயது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. "எங்க அத்தை இருந்த காலத்திலேயே தைத்ததுங்க" என்று சொல்லித் தாயார் அதை எடுத்து வந்தார். முற்றத்தில் பழைய சேலையை விரித்து, தையலைப் பிரித்துப் பார்த்தோம். பட்டுப்போல் வெளுத்து நழுவ வேண்டிய இலவம் பஞ்சு, பிண்ணாக்குக் கட்டிபோல் பழுப்பேறிக் கிடந்தது. காறிப்போன எண்ணெயின் வாடை முகத்தில் அடித்தது. ஒரு மூலையில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தது. இடையிடையே எடுக்காமல் விட்ட விதைகளும் உருண்டன.

அன்று அவ்வீட்டுத் தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவு எதற்கு என்று எண்ணுகிறீர்கள்? தலையணை உறைக்கு! நீலக் கோடு போட்ட அழகிய உறைத் துணி. ஊரார் தலைக்கெல்லாம் உறை நெய்யும் வீட்டில் குழந்தையின் தலையணைக்கு ஒரே ஓர் உறை. தீபாவளிக்கு ஒரு சலவை, பொங்கலுக்கு ஒரு சலவை. இதைக் குறையாகச் சொல்ல நமக்கு வாயில்லை. அன்று மாலை வீடு திரும்பி நம்முடைய தலையணையின் உறையைக் கழற்றிப் பார்த்தோம். அதைப் பற்றி இங்கே விவரிக்காமல் விடுவதே நலம்.

இலவங்காய் வெடிக்கும் காலம் நெருங்குகிறது. புதுப் பஞ்சு சந்தைக்கு வரும் இந்தக் கோடையில்தான் நம் இல்லங்களில் தலையணையைப் பிரித்து நிரப்புவது வழக்கம். ஆகையால் இம்மாத இதழில் இவ்விஷயத்தை எழுதுவது பொருத்தமென்று கருதினோம்.

முதலில் உள்ளே இருக்கும் பொருளை அறிந்துகொள்ள வேண்டும். போடிநாயக்கனூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இலவம் பஞ்சைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. எனினும் நெசவாளர் பலர் அதன் இயல்பைக் கவனித்ததில்லை. பருத்தி இழை முறுக்கேறி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், ஆகவே நூலாகும். இலவ இழையோ வழவழப்பானது, குட்டையானது, இராட்டையில் நிற்காது. ஒவ்வோர் இழையும் காற்று அடைபட்ட ஒரு நுண்ணிய குழல். அதன் மேல் இயற்கையே மெழுகு பூசியிருக்கிறது. எனவே தண்ணீர் அதனுள் எளிதில் இறங்குவதில்லை. செயற்கைப் பொருள்கள் வருவதற்கு முன்னர்க் கப்பல் மாலுமிகளின் மிதவைச் சட்டைகளில் இலவம் பஞ்சையே திணித்து வந்தனர்.

அச்சட்டைகளுக்கு ஒரு பகை உண்டு: எண்ணெய். எண்ணெய் ஊறினால் அவை மிதக்கும் சக்தியை இழந்துவிடும். நீரை விலக்கும் அதே மெழுகு எண்ணெயை விரும்பி ஏற்கிறது. தன் எடையைப்போல் பல மடங்கு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றல் இலவம் பஞ்சுக்கு இருப்பதால், நீரில் சிந்திய எண்ணெயை எடுப்பதற்கு அதனைப் பயன்படுத்தலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சோதித்து வருகின்றனர். இப்போது நம் வீட்டு வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். தலை நிறையத் தேங்காயெண்ணெய். சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய். அதன் பின் தலையைச் சாய்ப்பது எதன் மீது? எண்ணெயைக் குடிக்கும் பஞ்சின் மீது. ஒரு முறை குடித்த எண்ணெயை அது திருப்பித் தருவதில்லை. குழல் நசுங்குகிறது, இழைகள் ஒட்டிக் கட்டியாகின்றன, கட்டியில் தூசி தங்குகிறது. நீர் உட்புகாத அந்தப் பஞ்சைத் துவைத்து எண்ணெயை எடுப்பதும் நடவாத காரியம். எனவே இலவம் தலையணையைக் காப்பதென்றால், எண்ணெயும் வியர்வையும் பஞ்சை எட்டாதபடி நடுவில் துணியை நிறுத்துவதே முதல் வேலை. அது விவசாயி விளைவித்ததை நெசவாளர் காக்கும் வேலை என்றும் சொல்லலாம்.

பருத்தித் தலையணையின் குணம் வேறு. பருத்தி ஈரத்தை இழுக்கும். உலர்ந்த எடைக்கு 100-க்கு 8.5 பங்கு ஈரம் பருத்தி நூலுக்கு இயல்பென்று நூல் வியாபாரத்தில் கணக்கிடுவதை நெசவாளர் அறிவர். மழைக்காலத்தில் அந்த ஈரம் கூடுகிறது. தலையணை கனக்கிறது, இறுகுகிறது. ஆயினும் பருத்திக்கு ஒரு மேன்மை உண்டு. வெயிலில் காயவைத்து மீண்டும் கொட்டினால் அது பழைய நிலையை ஏறக்குறைய அடைந்துவிடும். பஞ்சு கொட்டுபவர் தோளில் வில்லோடு தெருவில் வரும்போது அந்த நரம்பின் ஓசையைக் கேட்டே தாய்மார்கள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது பல ஊர்களில் இயந்திரம் அவ்வேலையைச் செய்கிறது. இலவம் பஞ்சை மட்டும் அவ்வாறு அடிக்கக் கூடாது. அது நொறுங்கும் இயல்புடையது. கம்பால் அடித்தால் இழை முறிந்து தூளாகி, அத்தூளே மூக்கிற்கு இடைஞ்சலாகும். கையால் உதறிப் பிரித்தால் போதும். எந்தப் பஞ்சைப் பிரித்தாலும் மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பஞ்சுத் தூசி பல ஆண்டுகள் நெஞ்சில் சேர்ந்தால் மில் தொழிலாளருக்கு என்ன நேரும் என்பதை நெசவு ஊர்களில் கண்ணால் கண்டவர் பலர்.

சரி, குழந்தையின் இளைப்புக்கும் தலையணைக்கும் என்ன தொடர்பு? வீட்டுத் தூசியில் ஒரு வகைத் தூசி உண்ணி வாழ்கிறது. சிலந்தியின் இனத்தைச் சேர்ந்தது. எட்டுக் கால் உடையது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது நம்மைக் கடிப்பதில்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழ்கிறது. தூசியால் வரும் இளைப்புக்கு இந்த உண்ணியே காரணமாயிருக்கலாம் என்று 1964-இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர். உண்ணியைக் காட்டிலும் அதன் எச்சமே தொல்லை செய்கிறது. தூளாகிக் காற்றில் எழும் அந்த எச்சத்தை, ஒவ்வாமை உள்ளவர்கள் இரவெல்லாம் சுவாசிக்கின்றனர். தலையணைக்கும் மூக்கிற்கும் இடையே ஒரு சாண் தூரங்கூட இல்லை அன்றோ?

இந்த உண்ணி நீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தைத் தன் உடலால் இழுத்துக்கொண்டே உயிர் வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே நெடுநாள் நின்றால் அது காய்ந்து மடியும். நெசவாளர் குடும்பங்கள் இங்கே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். குழித்தறி போட்ட வீட்டில் ஈரம் வேண்டுமென்றே காக்கப்படுகிறது. காற்று வறண்டால் பாவு இழை அறுபடும். சன்னலைச் சாத்தி வைக்கிறோம்; தரையில் நீர் தெளிக்கிறோம். நூலுக்கு நன்மை செய்யும் அந்த ஈரமே உண்ணிக்கும் பூசணத்திற்கும் விருந்தாகிறது. இடவசதி குறைந்த வீடுகளில் பகலில் சுருட்டிய படுக்கையைத் தறியின் ஓரத்திலேயே வைத்துவிடுகிறோம். தறியிலிருந்து பறக்கும் பஞ்சுத் துகளும் அதன் மேல் படிகிறது. நாம் மேலே கூறிய வீட்டில் தலையணை இருந்த இடமும் அதுவே. படுக்கைக்கு வேறு அறை கட்டச் சொல்வது எளிது, செய்வது அரிது. ஆனால் தறிக் குழியை விட்டுத் தள்ளி, சுவரில் ஓர் ஆள் உயரத்தில் பலகை அடித்து, காற்றுப்படும்படி அதன் மேல் படுக்கையை வைப்பது பெரிய செலவன்று.

பூசணத்தைப் பற்றியும் ஒரு செய்தி. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர ஆராய்ச்சியாளர்கள், ஒன்றரை ஆண்டு முதல் இருபது ஆண்டு வரை உபயோகித்த பத்துத் தலையணைகளைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒவ்வொன்றிலும் 4 முதல் 16 வகைப் பூசணங்கள் இருந்தன. அவை இறகும் செயற்கைப் பஞ்சும் அடைத்தவை, நம்முடையவை அல்ல. குளிர் நாட்டுத் தலையணைக்கே இக்கதியென்றால் நம் கடலோர ஊர்களின் ஐப்பசி, கார்த்திகையில் என்ன நிலையென்று அங்கத்தினர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்வோம். நமக்குச் செலவின்றிக் கிடைக்கும் முதல் மருந்து வெயில். 1994-இல் சிட்னி நகரில் தரை விரிப்புகளை நேர் வெயிலில் போட்டுச் சோதித்தபோது அவற்றிலிருந்த உண்ணிகள் முழுவதும் மடிந்தன. சித்திரை வெயில் சிட்னி வெயிலுக்கு இளைத்ததன்று. ஆயினும் விரிப்பு மெல்லியது, தலையணை கனமானது. பஞ்சு சூட்டை எளிதில் உள்ளே விடாது. ஆகவே காலை ஒன்பது மணிக்குக் கயிற்றுக் கட்டிலில் போட்டு, நண்பகலில் புரட்டி, மாலை நான்கு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். மார்கழியில் பனி இறங்கும் வரை விட்டுவைத்தால் பகலில் போன ஈரம் இரவில் திரும்பிவிடும். எடுத்தவுடன் வாசலுக்கு வெளியே நின்று கையால் தட்டித் தூசியை விழச் செய்ய வேண்டும். உண்ணி செத்தாலும் எச்சம் உள்ளே இருக்கும் என்பதை மறக்கலாகாது. சூட்டோடு மடித்துப் பெட்டியில் அடைக்காமல் ஆறவிட்டு எடுத்து வைக்க வேண்டும். வாரம் ஒரு முறை இயலாவிடில் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையேனும் இதைச் செய்யலாம். ரப்பர் நுரைத் தலையணையை மட்டும் நேர் வெயிலில் போடாதீர்கள். ரப்பர் விறைத்து உதிரும். அதற்கு நிழற்காற்றுப் போதும்.

இரண்டாவது மருந்து வெந்நீர். அது உறைக்கு உரியது. 55 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் உண்ணி பிழைப்பதில்லை. வெப்பமானி வேண்டியதில்லை. கொதிக்கும் நீர் ஒரு குடமும், சாதாரண நீர் ஒரு குடமும் கலந்தால் அறுபது டிகிரிக்குச் சற்று மேல் வரும். துணியும் பாத்திரமும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்ளுமாதலால், கொதிநீரைச் சிறிது கூட்டிக்கொள்ளலாம். சலவைச் சோடா சிறிதளவும் சவுக்காரமும் சேர்த்து அரை மணி நேரம் மூடி ஊறவைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் விடும். இதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உவர்மண்ணில் நனைத்த துணியை இரவெல்லாம் ஆவியில் வேகவைத்த வெள்ளாவி முறை இதைக் காட்டிலும் கடுமையானது. வெள்ளாவியை விட்டுத் தண்ணீரில் அலசி உலர்த்தும் பழக்கத்திற்கு வந்தபின், சூடு என்பதையே படுக்கைத் துணி மறந்துவிட்டது. வாட் சாயத் துணிக்கு இந்த வெந்நீரால் தீங்கில்லை. சாயத்தின் தன்மை தெரியாத துணியை முதலில் தனியே நனைத்துப் பார்ப்பது நலம்.

உறை எத்தனை வேண்டும்? ஒரு தலையணைக்கு மூன்று துணி. பஞ்சை அடைக்கும் மெத்தைத் துணி ஒன்று. அது பாவும் ஊடையும் நெருங்கிய, கெட்டியான நெசவாக இருத்தல் வேண்டும். அதன் மேல் எப்போதும் இருக்கும் காடா உள்ளுறை ஒன்று. மாதம் ஒரு முறை துவைக்கலாம். அதற்கும் மேலே வாரந்தோறும் மாற்றும் வெளியுறை. வெளியுறை இரண்டிருந்தால் ஒன்று கொடியில், ஒன்று தலையணையில். எண்ணெய்க் குளியல் நாளில் அதன் மேல் ஒரு பழைய துண்டை விரிப்பது நம் பாட்டிமார் வழக்கம். அதைவிடச் சிறந்த யோசனை நமக்குத் தோன்றவில்லை. 17 அங்குல அகலமும் 27 அங்குல நீளமும் உள்ள தலையணைக்கு, 40 அங்குலப் பன்னாவுள்ள துணியில் ஒன்றேமுக்கால் மீட்டர் எடுத்தால், வாய் மடிப்போடு இரண்டு வெளியுறைகள் தைக்கலாம். வெட்டுவதற்கு முன் துணியை ஒரு முறை நனைத்து உலர்த்த வேண்டும். அப்போது சுருங்குவது சுருங்கிவிடும். பாவுக்குப் போட்ட கஞ்சியும் போய்விடும். கஞ்சி நின்ற துணி பூசணத்திற்கும் இராமபாணப் பூச்சிக்கும் உணவு.

உறை போட்டுவிட்டால் இளைப்பு நீங்கும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். 2003-இல் இங்கிலாந்தில் ஆஸ்துமாவுள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட பெரியவர்களிடம் செய்த சோதனையில், உண்ணி புகாத விசேஷ உறைகளை மட்டும் கொடுத்ததால் பயன் தெரியவில்லை. உறை, வெயில், வெந்நீர், உலர்ந்த இடம் ஆகியவை சேர்ந்து நடக்க வேண்டும். டாக்டர் கொடுத்த மருந்தை இவற்றை நம்பி நிறுத்தவும் கூடாது.

விவசாய அங்கத்தினர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூட்டைப்பூச்சிக்கென்று வயலுக்குத் தெளிக்கும் மருந்தைப் படுக்கையில் தூவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பயிருக்கென்று கலந்த நஞ்சு முகத்தருகில் இரவு முழுவதும் இருப்பதைவிட மூட்டைப்பூச்சியே மேல். தலையணையின் தையல் விளிம்புகளில் கொதிநீர் ஆவியைக் காட்டினால் அது சாகும். மருந்து தெளித்து வந்த நாளில் தலைக்குக் குளிக்காமல் படுப்பதும் தலையணைக்கு நஞ்சூட்டுவதே. பேனுக்கும் மருந்து தூவத் தேவையில்லை. தலையை விட்டு இறங்கிய பேன் இரத்தமின்றி இரண்டு நாளுக்கு மேல் பிழைப்பது அரிது; தலையணையை இரண்டு, மூன்று நாள் ஒதுக்கி வைத்தால் போதும். குழந்தையின் துணியிலும் படுக்கையிலும் அந்துருண்டை வைக்காதீர்கள். பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு குறையுள்ள சிசுக்களுக்கு அதன் ஆவி இரத்த அணுக்களைச் சிதைத்துக் கடும் காமாலையை உண்டாக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தலையணையே வேண்டாம் என்பது மருத்துவர் கருத்து. இலவம் பஞ்சு தீயை மிக விரைவில் பற்றும் பொருளாதலால் கொசுவர்த்திச் சுருளையும் விளக்கையும் தலைமாட்டில் வைக்கலாகாது. பீடிக்கும் இது பொருந்தும்.

புதிதாக வாங்குவோருக்கு நம் அனுபவம் ஒன்று. "சுத்தமான இலவம் பஞ்சு" என்று சீட்டு ஒட்டிய தலையணையை ஒரு கடையில் வாங்கினோம். மூன்றே மாதத்தில் கல்லாயிற்று. பிரித்தால் மில் கழிவும், சாயத் துணித் துண்டுகளும், நூல் முடிச்சுகளும்! நூல் முடிச்சைக் கண்டால் நமக்குத் தெரியாதா? கடைக்காரரிடம் ஒரு சிட்டிகை பஞ்சைக் கேட்டு வாங்கித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். இலவம் பஞ்சு மிதந்தே கிடக்கும். சலவை கண்ட துணிக் கழிவு நீரைக் குடித்து மூழ்கும். இதற்கு இசையாத கடையில் தலையணை வாங்காதிருப்பதே நல்லது. விளைவித்தவரிடமே பஞ்சாக வாங்கி, விதை போக்கி, நாமே அடைப்பது இன்னும் நல்லது. விதை கிடந்தால் பூச்சியும் எலியும் தேடி வரும்.

தை பிறந்த பின் அதே வீட்டுக்கு மீண்டும் சென்றோம். புதுப் பஞ்சுக்குக் காத்திராமல், கைவசம் இருந்த பருத்தியைக் கொட்டி வாங்கிக் குழந்தைக்கு மட்டும் ஒரு சிறிய தலையணை தைத்திருந்தனர். படுக்கை தறியோரத்திலிருந்து பலகைக்கு ஏறியிருந்தது. இளைப்பு நின்றுவிட்டதா என்று கேட்டோம். "நின்றது என்று சொல்ல முடியாதுங்க, இந்த மாதம் இரண்டே இரவுதான் எழுந்து உட்கார்ந்தாள். மருந்தும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்றார் தாயார். மழையும் நின்றிருந்தது, அதற்குரிய பங்கை நாம் மறைக்கவில்லை. பழைய தலையணையை விருந்தினருக்கென்று எடுத்து வைக்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றோம். குழந்தை, தறியில் மிச்சமாயிருந்த நீலக் கோட்டுத் துணியில் தைத்த இரண்டு உறைகளைக் கொண்டுவந்து காட்டி, ஞாயிற்றுக்கிழமை எந்த உறை, அடுத்த ஞாயிறு எந்த உறை என்று நமக்கு விளக்கத் தொடங்கினாள்.